பதர் எது, மணி எது?

சென்ற வருஷம் ஐப்பசி மாதம் என் பெரியம்மா காலமானாள். வயது 84. கல்யாணச் சாவு என்று ஊரார் சொன்னார்கள். பதினாறாம் நாளுக்குள் அவளுடைய படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட வேண்டும் என்று அவள் பெண் ஆசைப்பட்டாள். எனக்கு அவள் அக்கா. படத்துக்கு எங்கே போவது? காமிராவைக் கண்டால், அடுப்பில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவளைப் போல உள்ளே போய்விடுகிறவள் பெரியம்மா. கடைசியில் பேரன் ஒருவனுடைய பழைய கைபேசியில் ஒரு படம் அகப்பட்டது. சமையலறையில், மங்கலான பல்பு வெளிச்சத்தில், காப்பி ஆற்றிக்கொண்டே யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள்.

நல்ல படந்தான். ஆனால் வெளிச்சம் போதாமல் எடுத்ததால் மேலெல்லாம் ரவையைத் தூவினாற்போலப் புள்ளிகள். சுவரில் சிவப்பும் பச்சையுமாகப் பொடி இறைந்திருந்தது. டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். மறுநாள் படம் வந்தது. சுவர் சுத்தமாக இருந்தது. புடவை வழவழவென்று இருந்தது. பெரியம்மாவின் கன்னமும் வழவழவென்று இருந்தது.

அக்கா படத்தைக் கையில் வாங்கினாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இது யாருடா?” என்றாள்.

பெரியம்மாவுக்கு ஏழு வயதில் வைசூரி கண்டிருந்தது. பிழைத்ததே பெரிது என்பார்கள். முகமெல்லாம் தழும்பு. “அம்மன் போட்ட முத்துடா, உங்கப்பன் வீட்டுக் கடையிலே கிடைக்காது” என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்த முத்துக்கள் ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பையனைப் போய்க் கேட்டேன். “ஒரே புள்ளியா இருந்துச்சு சார். நாய்ஸ்னு எடுத்துட்டேன்” என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் பெரியம்மாவைப் பார்த்ததில்லை. அந்தக் கம்ப்யூட்டரும் பார்த்ததில்லை. புள்ளி என்றால் இரண்டு பேருக்கும் புள்ளிதான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. படத்தில் எது குப்பை, எது முகம் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? எப்போதிருந்து தீர்மானித்து வருகிறார்கள்? சில மாதங்கள் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். படித்ததில் பாதி விஞ்ஞானம், பாதி சரித்திரம். சரித்திரத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றிற்று.

முதலில் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம். நாய்ஸ் என்றால் இரைச்சல். இரைச்சலைக் காதால் கேட்கலாம், கண்ணால் பார்ப்பதாவது? இந்த வார்த்தை படத்துக்கு வந்தது ரேடியோவிலிருந்தும் டெலிபோனிலிருந்தும். 1918-ம் வருஷம் ஜெர்மனியில் வால்டர் ஷாட்கி என்ற விஞ்ஞானி, ரேடியோ வால்வுகளில் மின்சாரம் ஒரே ஒழுக்காக ஓடுவதில்லை, துளித்துளியாக விழுகிறது, அதனாலேயே ஒரு சலசலப்பு உண்டாகிறது என்று விளக்கினார். 1928-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஜான்சன் இன்னொன்றைச் சொன்னார். சூடுள்ள எந்தக் கம்பியிலும் எலெக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. அந்தத் துடிப்பும் இரைச்சலாக வருகிறது. அவரோடு வேலை பார்த்த நைக்விஸ்ட் அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஆக, இரைச்சல் என்பது கருவியின் பழுது மட்டுமல்ல, பொருள்களின் சுபாவமே அப்படி என்று ஆயிற்று. பிற்காலத்தில் படமும் மின்சாரமாக மாறியபோது, பழைய வீட்டுப் பெயர் புது வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

அதற்கு முந்திய காலத்தில், ரசாயனத்தால் படம் எடுத்தபோது, குப்பை இல்லையா என்றால், இருந்தது. பிலிம் என்பது வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களைப் பூசிய தகடு. வெளிச்சம் பட்ட படிகம், மருந்தில் போட்டால் கருத்த வெள்ளித் துணுக்காகிறது. குறைந்த வெளிச்சத்திலும் படம் விழ வேண்டுமானால் படிகங்கள் பெரியவையாக இருக்க வேண்டும். படிகம் பெரிதானால் படம் சொரசொரப்பாகும். அந்தக் காலத்துப் போட்டோக்காரர்கள் இதை ‘கிரெயின்’ என்றார்கள். நம் பாஷையில் சொன்னால் மணி. நெல்மணி போன்ற மணி.

மணியைத் தனியே பிரித்து எடுக்க வழியில்லை. ஏனென்றால் படமே மணியால் ஆனது. ஆனால் முகத்தைத் திருத்த வழி இருந்தது. மியூனிக் நகரத்துப் போட்டோக்காரரான பிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் 1855-ம் வருஷம் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரே ஆளின் இரண்டு படங்களை வைத்தார், ஒன்று எடுத்தபடி, மற்றொன்று நெகடிவில் கை வைத்துத் திருத்தியது, கூட்டம் வாய் பிளந்து பார்த்தது என்று பழைய போட்டோ சரித்திரங்கள் சொல்கின்றன. அதன் பிறகு ‘ரீடச்’ என்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. கூர்மையாகச் சீவிய பென்சில், ஒரு பூதக்கண்ணாடி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சாய்வுப் பலகை. நெகடிவில் முகம் தலைகீழ் நிறத்தில் இருக்கும். தழும்பின் நிழல் அதில் வெளுத்த புள்ளி. அந்தப் புள்ளியைப் பென்சிலால் நிரப்பிவிட்டால், அச்சடித்த படத்தில் தழும்பு இராது.

எங்கள் வீட்டிலும் அதற்குச் சாட்சி இருந்தது. பெரியம்மாவின் கல்யாணப் படம், 1959-ல் எடுத்தது, அக்காவின் பெட்டியில் கிடைத்தது. நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பெரியம்மா, பூச்சரம் தோளில் விழ நிற்கிறாள். அவள் முகம் பளிங்கு மாதிரி இருக்கிறது. பெரியப்பாவின் மூக்கருகே உள்ள மரு மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது! ஸ்டூடியோக்காரர் கேட்டிருக்கமாட்டார், கேட்பது வழக்கமும் இல்லை. பெண் முகத்துக்குப் பென்சில், ஆண் முகத்துக்கு வேண்டாம் என்பது அவர் தீர்மானம். ஆக, 1959-ல் ஒருவர் பென்சிலால் செய்ததைத்தான் இந்தப் பையன் கம்ப்யூட்டரால் செய்திருக்கிறான். வித்தியாசம் ஒன்றுதான். அவர் தழும்பு என்று தெரிந்து அழித்தார். இவன் தெரியாமல் அழித்தான்.

கம்ப்யூட்டர் எப்படி வந்து சேர்ந்தது என்று இனிப் பார்ப்போம்.

1969-ம் வருஷம் அக்டோபர் மாதம், அதே பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் கரும்பலகை முன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரப் பேச்சில் ‘சி.சி.டி.’ என்ற கருவியின் அமைப்பை வரைந்துவிட்டார்கள். சிலிக்கன் சில்லின்மேல் வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு கட்டங்கள். வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எலெக்ட்ரான்கள் சேரும். சேர்ந்ததை, தீ அணைக்கும்போது கை மாற்றிக் கை மாற்றி வாளி கொடுப்பதைப் போல, ஓரத்துக்குக் கொண்டுவந்து எண்ணிவிடலாம். இதற்காக இருவருக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1975-ல் கோடாக் கம்பெனியின் இளம் என்ஜினியர் ஸ்டீவன் சாஸன் இத்தகைய சில்லு ஒன்றை வைத்து ஒரு காமிரா கட்டினார். 100-க்கு 100 கட்டங்கள். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை காஸெட் நாடாவில் பதிவு செய்ய 23 விநாடி ஆயிற்று. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் காமிராக்களின் பாட்டன் அதுதான்.

அந்தக் கட்டங்களில் புள்ளி எப்படி வருகிறது? இதற்கு விஞ்ஞானப் புத்தகம் வேண்டாம். மழை பெய்யும்போது முற்றத்தில் நின்றால் போதும். ஒரே அளவான பத்துச் சொம்புகளை முற்றத்தில் வரிசையாக வையுங்கள். தூறல் விழுகிறது. ஒன்றில் ஒன்பது துளி விழும், பக்கத்துச் சொம்பில் பதினான்கு விழும், இன்னொன்றில் ஏழுதான் விழும். வானம் ஓரவஞ்சனை செய்யவில்லை; தூறலின் இயல்பு அது. அடைமழை பிடித்துக்கொண்டால் பத்துச் சொம்பிலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். வெளிச்சமும் துளித்துளியாகத்தான் விழுகிறது. ஒரு கட்டத்தில் 100 துளி விழ வேண்டியிருந்தால் சுமார் பத்துத் துளி கூடக் குறைய இருக்கும். அதாவது பத்தில் ஒரு பங்கு தவறு. 10,000 துளி விழ வேண்டியிருந்தால் ஏற்றத்தாழ்வு சுமார் 100 துளி. நூற்றில் ஒரு பங்குதான். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் துல்லியமாக இருப்பதும், சமையலறைப் படம் ரவை தூவினாற்போல் இருப்பதும் இதனால்தான். எங்கள் பேரன் மேலும் ஒரு காரியம் செய்திருந்தான். படம் இருட்டாக விழாமலிருக்க, ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணைக் கூட்டி வைத்திருந்தான். அப்படிச் செய்தால் வெளிச்சம் கூடாது. சன்னமான குரலை ஒலிபெருக்கியில் போட்டாற்போல, குரலோடு இரைச்சலும் பெரிதாகும்.

வெளிச்சத் தூறலோடு கருவியின் பங்கும் சேருகிறது. சில்லு சூடானால், வெளிச்சமே படாத கட்டத்திலும் எலெக்ட்ரான்கள் சேர்ந்துவிடும். வானசாஸ்திரிகள் தங்கள் காமிராக்களைக் குளிரவைத்திருப்பது அதற்காகத்தான். கட்டத்தை எண்ணும்போதும் கொஞ்சம் பிசகு வரும். சிவப்பும் பச்சையுமான பொடிக்கு வேறு காரணம். கட்டங்களுக்கு நிறம் தெரியாது. ஆகையால் ஒவ்வொன்றின்மேலும் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு கண்ணாடியைப் போர்த்தி, மற்ற நிறங்களை அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகிக்கிறார்கள். கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976-ல் உரிமம் பெற்ற முறை இது. தூறலில் பிசகிய எண்ணை வைத்து நிறத்தை ஊகித்தால், வெள்ளைச் சுவரில் பச்சைப் பொடி முளைக்காமல் என்ன செய்யும்?

இந்தக் குப்பையைக் கணக்கால் கூட்டித் தள்ளும் வித்தை வீட்டுப் படங்களுக்காகப் பிறக்கவில்லை. அது பிறந்தது சந்திரனுக்காகவும் செவ்வாய்க்காகவும்.

1964 ஜூலை 31-ந் தேதி ரேஞ்சர்-7 என்ற அமெரிக்க விண்கலம் சந்திரனில் போய் மோதிற்று. மோதுவதற்கு முந்திய 17 நிமிஷங்களில் 4,300-க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. டெலிவிஷன் அலையாக வந்த படங்களில் கோடும் கறையும் கலந்திருந்தன. கலிபோர்னியாவில் பாஸடீனாவிலுள்ள ஜே.பி.எல். ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் நேதன் என்பவர், படங்களை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குள் செலுத்தி, கறைகளைக் கணக்கால் கழிக்கும் முறைகளை வகுத்தார். ஒரே சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் கோடு சந்திரனுடையதாக இருக்க முடியாது. அது யந்திரத்தின் தாளம். தாளத்தைக் கண்டுபிடித்தால் கழித்துவிடலாம். பிற்பாடு இந்த வித்தை வைத்தியர்களின் எக்ஸ்ரே படங்களுக்கும் பயன்பட்டது.

அடுத்த வருஷம் ஜூலையில் மாரினர்-4 செவ்வாய்க் கிரகத்தைக் கடந்து சென்றது. 200-க்கு 200 கட்டங்கள் கொண்ட 21 படங்கள், 22-வதில் ஒரு துண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 63 வரை ஓர் எண். அந்த எண்கள் பூமிக்கு வந்த வேகத்தைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று! கம்ப்யூட்டர் படத்தைத் தயாரிக்கும்வரை பொறுக்கமாட்டாத என்ஜினியர்கள், எண்கள் அச்சான காகித நாடாக்களைப் பலகையில் வரிசையாக ஒட்டி, எண்ணுக்கு ஒரு வர்ணமாகச் சுண்ணக்கோலால் தீட்டினார்கள். மனிதன் அனுப்பிய கலம் அருகில் போய்ப் பார்த்த செவ்வாய், குழந்தைகள் படத்தில் வர்ணம் தீட்டுவதைப் போலத்தான் முதலில் பூமியில் தெரிந்தது. இன்னொரு காரியமும் செய்தார்கள். எல்லாப் படங்களையும் இரண்டு தடவை அனுப்பச் சொன்னார்கள். ஒரு தடவையில் கெட்டுப்போன எண், மறு தடவையில் அதே இடத்தில் கெட்டுப்போகாது அல்லவா? சாட்சி சொல்கிறவனை இரண்டு முறை விசாரிக்கும் வக்கீலின் யுக்தி இது. குப்பை நீக்குவதில் இதைவிட யோக்கியமான முறை இன்றுவரை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் எல்லாப் படத்துக்கும் மறு விசாரணை கிடைக்குமா? போன நிமிஷம் போனதுதான். பெரியம்மா அந்தக் காப்பியை மறுபடியும் ஆற்றப்போவதில்லை. ஒரே படத்தை வைத்துக்கொண்டு பதரைப் புடைக்க வேண்டுமானால் ஊகந்தான் வழி. ஊகத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் பழையது சராசரி. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள புள்ளிகளோடு கூட்டி வகுத்துவிடுவது. குப்பை குறையும், கூடவே கண்ணிமையும் நெற்றிக்கோடும் கரைந்துபோகும். 1970-களில் அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் ஜான் டூக்கி நடு எண் முறையை முன்வைத்தார். பஞ்சாயத்தில் ஒன்பது பேரை உட்காரவைத்து, எல்லாரும் சொன்ன தொகையை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பவர் சொல்லை ஏற்பது போல. ஒருவன் மட்டும் அபாண்டமாகச் சொன்னால் அவன் சொல் எடுபடாது. 1998-ல் நம் மும்பையில் நடந்த மகாநாடு ஒன்றில் கார்லோ தொமாசி, ராபர்ட்டோ மந்தூச்சி என்ற இருவர் வேறொரு முறையைச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, நிறமும் ஒத்திருக்கும் புள்ளிகளோடுதான் சராசரி எடுக்க வேண்டும். இதனால் முகத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள விளிம்பு அழியாமல் நின்றது.

2005-ல் புவாதெஸ், கோல், மொரேல் என்ற மூன்று கணித நிபுணர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பக்கத்து வீட்டாரை மட்டும் ஏன் கேட்க வேண்டும்? ஒரு துண்டைப் போலவே இருக்கும் மற்றொரு துண்டு படத்தில் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள் என்றார்கள். ஓட்டுக்கூரையில் ஓர் ஓடு தெளிவாக இல்லாவிட்டால் மற்ற ஓடுகள் அதற்காகச் சாட்சி சொல்லும். அவர்கள் சொன்ன மற்றொரு விஷயந்தான் எனக்கு அதிகமாகப் பிடித்தது. சுத்தம் செய்த படத்தை மட்டும் பார்த்து மெச்சிக்கொள்ளாதே; பழைய படத்திலிருந்து புதிய படத்தைக் கழித்து, நீ எதைத் தூக்கி எறிந்தாய் என்று பார். எறிந்தது வெறும் தூசியாக இருந்தால் உன் முறை நல்லது. அதில் ஏதாவது உருவம் தெரிந்தால் நீ மணியையும் எறிந்திருக்கிறாய். புடைத்து முடித்த பின் முறத்தடியில் விழுந்த பதரைக் கையால் ஒரு தரம் அளைந்து பார்க்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த நிபுணர்கள் சொன்னதும் அதுதான்.

சென்ற பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த முறைகள் வேறு ரகம். கம்ப்யூட்டருக்கு லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிவிடுகிறார்கள். சுத்தமான படம் எப்படியிருக்கும், குப்பை படிந்தால் எப்படியாகும் என்று அது கற்றுக்கொள்கிறது. பிறகு நாம் கொடுக்கும் படத்தில் குப்பை மூடிய இடத்தைத் தான் கற்றதைக் கொண்டு நிரப்புகிறது. பிரமாதமாக நிரப்புகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது நிரப்பும் கன்னம் யாருடைய கன்னம்? அது பார்த்த லட்சம் முகங்களின் கன்னம். உலகத்தில் வைசூரி ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது 1980-ல். அதன் பிறகு பிறந்த எவர் முகத்திலும் அந்தத் தழும்பு கிடையாது. மனித குலத்துக்கு அது பெரிய பாக்கியம். ஆனால் இன்றைய முகங்களைப் பார்த்துப் பழகிய யந்திரத்துக்குப் பெரியம்மாவின் முகம் எப்படிப் புரியும்?

அப்படியானால் குப்பையைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுவதுதான் சத்தியமா? அதுவும் இல்லை. இதற்குச் செவ்வாயிலேயே சாட்சி உண்டு. 1976 ஜூலை 25-ல் வைக்கிங்-1 என்ற கலம் எடுத்த ஒரு படத்தில், ஒரு குன்று மனித முகத்தைப் போலத் தெரிந்தது. கண் இருந்தது, மூக்கு இருந்தது, வாய் இருந்தது. உண்மையில் அவை சாய்வெயிலின் நிழல்கள். படத்தில் ஆங்காங்கே கரும்புள்ளிகளும் இருந்தன. வழியில் தொலைந்துபோன எண்கள் அவை, வெறும் குப்பை. அந்தக் குப்பைப் புள்ளி ஒன்று போய்ச் சரியாக மூக்குத் துவாரத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது! நிழலும் புள்ளியும் என்று விஞ்ஞானிகள் அன்றே சொன்னார்கள். கேட்டவர் யார்? செவ்வாயில் முகம் செதுக்கியவர்கள் யார் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். 1998-லும் 2001-லும் வேறொரு கலம் மேலே பறந்து தெளிவாகப் படமெடுத்தது. வெறும் குன்று. ஆக, இல்லாத முகத்துக்குக் குப்பை மூக்கு வைக்கவும் செய்யும். இருக்கிற முகத்தைத் துடைப்பம் அழிக்கவும் செய்யும்.

இரண்டுக்கும் நடுவே நேர்மையாக நடப்பது எப்படி? 2019 ஏப்ரல் 10-ந் தேதி உலகம் ஒரு படத்தைப் பார்த்தது. 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில், எம்-87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம். இருட்டைச் சுற்றி ஓர் ஒளி வளையம். உலகத்தின் பல மூலைகளிலுள்ள ரேடியோ தொலைநோக்கிகள் 2017-ல் சேகரித்த இரைச்சல் மிகுந்த செய்திகளிலிருந்து அதைச் செய்தார்கள். வளையத்தைத்தான் எல்லாரும் எதிர்பார்த்திருந்தார்கள். ஆசையே வளையமாகிவிட்டால்? ஆகவே படம் செய்பவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவின் வேலையை மற்றது அறியாதபடி வாரக்கணக்கில் வைத்தார்கள். நான்கு பேரும் தனித்தனியே கொண்டுவந்ததில் ஒரே வளையம் இருந்தது. அதோடு விடவில்லை. வளையமே இல்லாத பொய்ச் செய்திகளையும் தங்கள் கணக்கில் போட்டு, இது வளையத்தைக் கற்பனை செய்கிறதா என்று சோதித்தார்கள். செய்யவில்லை. அதன் பிறகே பிரசுரம் செய்தார்கள்.

இவ்வளவும் படித்த பிறகு ஒரு நாள் அந்த ஸ்டூடியோவுக்கு மறுபடியும் போனேன். அக்காவும் வந்தாள். பையனிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். “தம்பி, பழைய படத்திலிருந்து நீ சுத்தம் பண்ணினதைக் கழிச்சு, என்னத்தை எடுத்தேன்னு காட்ட முடியுமா?”

“அதை எதுக்கு சார் பார்க்கணும்?” என்றான். ஆனால் காட்டினான். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கழித்து, தெரிவதற்காகக் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டினான்.

திரை முழுவதும் சாம்பல் நிறத் தூசி. சுவர் இருந்த இடத்தில் வெறும் தூசி. புடவை இருந்த இடத்தில் நெசவின் கோடு லேசாக. நடுவில், தூசிக்குள்ளே, இரண்டு கன்னமும் நெற்றியும் மூக்கு நுனியும் தழும்பு தழும்பாகத் தெரிந்தன. தூக்கி எறிந்த குப்பையில் பெரியம்மா இருந்தாள்.

அக்கா நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “இந்தா, இது. புருவத்துக்கு மேலே பெரிசா ஒண்ணு. சின்ன வயசிலே நான் விரலை வெச்சு அமுக்கிப் பார்ப்பேன்” என்றாள்.

பையன் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவனே சொன்னான்: “நல்ல வேளை, ஒரிஜினலை அழிக்கலை சார்.” அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தான். நிறப் பொடிகளை மட்டும் படம் முழுக்க எடுத்தான். நிறத்தைத் துடைத்தால் கண்ணுக்கு நஷ்டம் தெரியாது, வெளிச்சத்தைத் துடைத்தால்தான் உருவம் போகும் என்று எனக்கு விளக்கினான். சுவரை நன்றாகச் சுத்தம் செய்தான். முகத்தை மறைத்து வைத்துக்கொண்டு, அதன்மேல் கை வைக்காமல் விட்டான். அக்காவிடம் கேட்டுக் கேட்டுச் செய்தான்: “இது தழும்பா அம்மா, புள்ளியா?” சில இடங்களில் அவளுக்கே தெரியவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிடச் சொன்னாள்.

இப்போது படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பக்கத்திலேயே 1959-ல் எடுத்த கல்யாணப் படமும் இருக்கிறது. வருகிறவர்கள் கல்யாணப் படத்தைப் பார்த்து அழகு என்கிறார்கள். சமையலறைப் படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறதே, இன்னும் நன்றாகச் சுத்தம் செய்திருக்கலாமே என்று சிலர் யோசனையும் சொல்கிறார்கள். அக்கா பதில் சொல்வதில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுவர உள்ளே போய்விடுகிறாள்.